ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோகும் விளையாட்டு: நீலகிரிக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நீலகிரி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கும், மலையிலுள்ள அரசு, அரசு உதவிபெறும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கணக்கு வாத்தியாராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைனில் மாலை வேளையில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். எனக்குச் சம்பளமும் கிடையாது, எமிஸ் என்கிற பள்ளிக்கல்வி இணையப் பதிவேட்டில் எதையும் ஏற்ற வேண்டிய தலைவலியும் கிடையாது. பணியில் இருக்கிற ஆசிரியர்கள் ஸ்டாஃப் ரூமில் மட்டும் பேசிக்கொள்கிற ஒன்றை நான் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிடலாம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடவேளைகளில் வாரத்துக்கு ஒன்றை விளையாட்டுக்கு ஒதுக்க அனுமதி கொடுங்கள். மைதானத்து ஆட்டத்தைச் சொல்லவில்லை. பாடத்தில் உள்ள கணக்கையே காயாக வைத்து ஆடுகிற ஆட்டத்தைச் சொல்கிறேன். அதே கையோடு, பி.இ.டி. என்கிற உடற்கல்விப் பீரியடைக் கணக்கு ஸ்பெஷல் கிளாசுக்குப் பிடுங்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் விடுங்கள்.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. 2022-இல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தொடங்கி, பிறகு ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நீண்டது. அங்கே அட்டை உண்டு, ஆட்டம் உண்டு, பாட்டு உண்டு. ஆறு முதல் எட்டு வரை ‘வானவில் மன்றம்’ என்ற திட்டம். அதுவும் 2022-இல் வந்ததுதான். அறிவியலையும் கணக்கையும் கையால் செய்து பார்க்கட்டும் என்று கொண்டுவந்தார்கள், நல்லது. பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குள் காலெடுத்து வைத்ததும் எல்லாம் நின்றுபோகிறது. அதுவரை ஆடிப் படித்த பிள்ளையிடம் ‘இனிமேல் விளையாட்டெல்லாம் கிடையாது, அடுத்த வருஷம் பப்ளிக்’ என்கிறோம். கணக்கு உண்மையிலேயே கடினமாகிற இடமும் அதுதான். மெய்யெண்கள், பல்லுறுப்புக் கோவை, ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல் எல்லாம் வரிசை கட்டி வந்து நிற்கின்றன. கையால் தொட்டுப் பார்க்க எதுவும் இல்லாமல் குறியீடு மட்டுமே மிஞ்சுகிற வயதில், தொட்டுப் பார்க்கிற வழியையும் சேர்த்து அடைத்துவிடுகிறோம்.

அதற்குப் பதிலாகக் கொடுப்பது என்ன? மினிமம் மெட்டீரியல், அதாவது பாஸாக மட்டும் போதுமான கேள்வி பதில் தொகுப்பு. பத்தாம் வகுப்பு வினாத்தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு மார்க் 14, இரண்டு மார்க் கேள்வியில் பத்து, ஐந்து மார்க் கேள்வியில் பத்து, கடைசியில் எட்டு எட்டாகச் செய்முறை வடிவியலும் வரைபடமும். அந்த 16 மார்க்கை வாங்கிவிட்டு, புத்தகப் பின்பக்கத்து ஒரு மார்க்கைக் கொஞ்சம் மனப்பாடம் செய்து, உறவுகளும் சார்புகளும் பாடத்து அம்புக்குறிப் படம் ஒன்றிரண்டு போட்டால் 35 வந்துவிடும். நானும் இதைச் செய்தவன்தான். மார்ச் மாதம் தலைக்கு மேல் நிற்கும்போது வேறு என்ன செய்ய? இந்த வழியைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் இப்படிப் பாஸான பிள்ளை −7-லிருந்து 3-ஐக் கழிக்கச் சொன்னால் −4 என்கிறது. பாலிடெக்னிக் போனாலும் பதினொன்றில் கணக்குப் பிரிவு எடுத்தாலும் அந்த −4 கூடவே போகிறது.

‘விளையாடினால் மார்க் ஏறுமா?’ என்றுதான் நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விளையாட்டின் பக்கம் நின்று பேசுகிறவர்கள் பலரும் இந்த இடத்தில் கொஞ்சம் மிகைப்படுத்திவிடுகிறார்கள். எந்த ஆட்டம் ஆடினாலும் மூளை வளரும், கணக்கு வரும் என்கிறார்கள். அப்படி இல்லை.

சதுரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்துக்குச் சதுரங்கத்தின் மேல் தனிப் பாசம். விஸ்வநாதன் ஆனந்த் தொடங்கி, 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட் வழியாக, 2024-இல் 18 வயதில் உலகச் சாம்பியனான குகேஷ் வரைக்கும் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. பள்ளிதோறும் சதுரங்கம் வந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதனால் கணக்கு மார்க் ஏறும் என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் நூறு தொடக்கப் பள்ளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு மட்டும் முப்பது மணி நேரம் சதுரங்கம் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துத் தேர்வு வைத்துப் பார்த்தால், சதுரங்கம் கற்ற பிள்ளைகளுக்கும் கற்காத பிள்ளைகளுக்கும் கணக்கில் வித்தியாசமே இல்லை. 2016-இல் வெளியான முடிவு இது. சதுரங்கம் கற்றால் சதுரங்கம் வரும், அவ்வளவுதான்.

நம் நாட்டிலேயே ஒரு சோதனை உண்டு. பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ, உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர் டெல்லியில் பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்குக் கணக்கு விளையாட்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள்; 2017-இல் ஆய்விதழில் வந்தது. எது அதிகம், எது குறைவு, எந்த வடிவம் வேறு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிற திறன் அந்தக் குழந்தைகளிடம் கூடியது, ஒரு வருடத்துக்கு மேல் நிலைத்தும் நின்றது. ஆனால் பள்ளியில் சொல்லித்தருகிற எண்கணக்கில் அந்த ஆதாயம் தெரியவில்லை. ஆட்டத்தில் குறியீடு இல்லை, பள்ளிக்கணக்கு முழுக்கக் குறியீடு. இரண்டுக்கும் நடுவில் யாரும் பாலம் போடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அமெரிக்காவில் சீக்லர், ரமணி என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்தது இதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஒன்று முதல் பத்து வரை எண் எழுதிய நேர்க்கோட்டுக் கட்டத்தில் சின்னக் குழந்தைகளைக் காய் நகர்த்த வைத்தார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே கட்டம், ஆனால் எண்ணுக்குப் பதில் நிறம். இரண்டு வாரத்துக்குள் நாலு சிறு அமர்வுகள்தான். எண் கட்டத்தில் ஆடிய குழந்தைகளுக்கு எண்ணறிவு நன்றாகவே ஏறியது, நிறக் கட்டத்தில் ஆடியவர்களுக்கு ஏறவில்லை. கட்டமும் காயும் ஒன்றுதான். நகர்த்தும்போது வாயில் என்ன சொன்னார்கள் என்பதில்தான் வேறுபாடு.

இந்த மூன்றும் சின்னப் பிள்ளைகளிடம் செய்தவை, பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் அல்ல என்பதை நானே சொல்லிவிடுகிறேன். உயர்நிலை வகுப்புகளில் செய்த ஆய்வுகள் வேறு பல உண்டு. ஒரு வகுப்புக்கு ஆட்டம், பக்கத்து வகுப்புக்கு வழக்கமான பாடம், முன்னும் பின்னும் ஒரு தேர்வு என்ற கணக்கில் ஆப்பிரிக்க நாடுகளிலும் நம் பி.எட்., எம்.எட். மாணவர்களின் ஆய்வேடுகளிலும் நிறையப் பார்க்கலாம். பெரும்பாலும் ஆட்டம் ஆடிய வகுப்பே ஜெயிக்கும். அந்த வகுப்புக்கு ஆர்வமுள்ள புது ஆசிரியர் வாய்த்ததால் ஜெயித்ததா, ஆட்டத்தால் ஜெயித்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆகவே அவற்றைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் பார்த்தபின் என் கருத்து ஒன்றுதான். ஆட்டத்தில் ஜெயிக்கப் பிள்ளை எந்த வேலையைச் செய்கிறதோ, அதே வேலையைத்தான் பாடமும் கேட்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அந்த வேலை நோட்டில் குறியீடாக ஏற வேண்டும். இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் பிள்ளைகள் சந்தோஷமாக இருப்பார்கள், மார்க் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எங்கள் லைனில் தேயிலை விதை சும்மா கிடைக்கும். பழைய விதைத் தேயிலைச் செடிகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. கெட்டியான, உருண்டையான பழுப்புக் கொட்டை. அதில் 21 எடுத்து நடுவில் வைப்போம். இரண்டு பேர் ஆட்டம். மாறி மாறி ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுக்கிறவர் ஜெயித்தார். முதல் நாள் எல்லோரும் குருட்டாம்போக்கில் எடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக முடிவுப் பக்கம் விழித்துக்கொண்டார்கள்: நாலு கொட்டை மிச்சமிருக்கும்போது என் முறை வந்தால் நான் செத்தேன். பிறகு எட்டு. எட்டில் மாட்டினாலும் செத்தேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், கொட்டைகளை நாலு நாலாகக் கூறு கட்டி வைத்துவிட்டு மிஞ்சிய ஒன்றைத் தனியே நகர்த்தினாள். ‘இந்த ஒண்ண நான் மொதல்ல எடுத்துட்டேன்னா, அப்பறம் நீ எத்தன எடுத்தாலும் நாலுக்கு மீதிய நான் எடுப்பேன் சார். நீ ஒண்ணு எடுத்தா நான் மூணு. அவ்ளோதான்.’ எதிரில் உட்கார்ந்திருந்த பையனை ‘நீ’ என்கிறாளா என்னையா என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம்.

அன்றைக்கு அதோடு விட்டிருந்தால் அது வெறும் பொழுதுபோக்கு. அவள் கூறு கட்டி வைத்ததைப் பக்கத்திலேயே 21 = 4 × 5 + 1 என்று எழுத வைத்தேன். 22 என்றால்? 23 என்றால்? 24 என்றால் முதலில் ஆடுகிறவன் கதி என்ன? ஐந்து வரை எடுக்கலாம் என்று விதியை மாற்றினால் எத்தனை எத்தனையாகக் கூறு கட்டணும்? பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் இரண்டாம் பாடத்தைத் திறந்து, யூக்ளிடின் வகுத்தலில் உள்ள a = bq + r என்ற வரியைக் காட்டினால், ‘இது நம்ம கொட்டை ஆட்டம்தானே’ என்கிறார்கள். அதே பாடத்தில் வருகிற மட்டு எண்கணிதத்தில் மீதியை மட்டும் பார்த்தால் போதும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்கும் அப்போது தனி விளக்கம் தேவைப்படுவதில்லை.

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துத் தலைமை ஆசிரியர்களுக்கு இதில் இன்னொரு பலன் இருக்கிறது. அங்கே ஒரே வகுப்பில் வீட்டில் தமிழ், மலையாளம், படுகு, பணியர் மொழி என்று வெவ்வேறு மொழி பேசும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ‘வகுத்தல் துணைத்தேற்றம்’ என்ற சொல்லைத் தாண்டி உள்ளே போக முடியாத பிள்ளையும் கொட்டை ஆட்டத்தில் இரண்டே நிமிடத்தில் நுழைந்துவிடும். சொல்லைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தாயம். நிகழ்தகவுப் பாடத்தில் ஆறு முகப் பகடை இரண்டை உருட்டி 36 விளைவு எழுதச் சொல்கிறது புத்தகம். பிள்ளைகளும் எழுதுகிறார்கள், மனப்பாடமாக. வீட்டுப் பரணில் கிடக்கிற பித்தளைத் தாயக்கட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீளக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் உருட்டினால் மொத்தம் 16 விளைவுகள். வெறுமையும் ஒன்றும் விழுந்தால் தாயம். அது இரண்டு வழியில் விழும், ஆக 2/16. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு; அதற்கு ஒரே வழி, 1/16. மூன்றுதான் அதிகம் விழும்: 4/16. ‘காய் இறக்கத் தாயம் விழுந்தே தொலைய மாட்டேங்குது’ என்று பாட்டி சலித்துக்கொள்வதற்குக் காரணம் எட்டில் ஒரு வாய்ப்பு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். மறுஆட்டம் கிடைக்கிற நிகழ்தகவு எவ்வளவு? 2 + 2 + 1 + 1, ஆக 6/16, அதாவது 3/8. இது அப்படியே ஓர் ஐந்து மார்க் கேள்வி. ஐம்பது முறை உருட்டிக் கோடு போட்டு எண்ணி, கணக்கிட்டதும் உருட்டியதும் ஏன் கொஞ்சம் தள்ளி நிற்கின்றன என்று சண்டை போடவிட்டால், ஒன்பதாம் வகுப்பின் பட்டறி நிகழ்தகவும் அங்கேயே முடிந்தது. இந்தத் துறையே சூதாட்டத்தில்தான் பிறந்தது. பாதியில் நின்ற ஓர் ஆட்டத்தின் பணயத்தை எப்படிப் பங்கு போடுவது என்று 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பிள்ளைகளிடம் அதைச் சொல்லலாம், பெற்றோர் கூட்டத்தில் வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்பில் x எது y எது என்று புரட்டிப் போடுகிற பிள்ளைகளுக்கு நான் கொடுப்பது காட்டெருமை ஆட்டம். கிராஃப் தாளில் இரு அச்சிலும் −5 முதல் 5 வரை. ஆளுக்கு நாலு காட்டெருமையைப் புள்ளிகளில் ஒளித்து வைக்க வேண்டும். எதிராளி (−3, 2) என்று கேட்டால் அங்கே இருக்கிறதா இல்லையா என்று பதில். (2, −3) என்று புரட்டிச் சொன்ன பையன் கண்ணெதிரே ஒரு எருமையைத் தவறவிடுகிறான். நான் சிவப்பு மையால் சுழித்துக் காட்டினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன், எருமை போன ஆத்திரத்தில் தானே திருத்திக்கொள்கிறான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 6174. கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தில் தேவ்லாலி என்ற ஊரின் பள்ளி ஆசிரியர் டி.ஆர். காப்ரேகர், 1949-இல். நாலு இலக்க எண் ஒன்றை எடுங்கள், நாலும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக ஒரு முறை, சிறியதிலிருந்து பெரியதாக ஒரு முறை அடுக்கிக் கழியுங்கள். வந்த விடையை மறுபடி அதே மாதிரி. 3524 என்றால் 5432 − 2345 = 3087; 8730 − 0378 = 8352; 8532 − 2358 = 6174. அதன்பின் எத்தனை முறை செய்தாலும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் அங்கேதான் போய் முட்டும். யாருடைய எண் அதிகப் படி எடுக்கிறதோ அவர் ஜெயித்தார். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் அடைவுத் தேர்வுகள் உங்களுக்குச் சொல்லியிருக்கும். மீசை அரும்புகிற பையனிடம் மூன்றாம் வகுப்புக் கழித்தல் தாளைக் கொடுத்துப் பாருங்கள், அவன் மறுநாள் வரமாட்டான். இதைக் கொடுத்தால் ஒரு பீரியடில் இருபது கழித்தல் போடுகிறான், தப்பாகப் போட்டால் படிக் கணக்கு குழம்பிவிடும் என்பதால் தானே சரிபார்க்கவும் செய்கிறான். ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் அவன் பெயர் இருப்பது அந்த நேரத்துக்கு யாருக்கும் நினைவிலிருப்பதில்லை.

இதெல்லாம் புதிதாக நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. சென்னையில் பி.கே. சீனிவாசன் என்ற பள்ளிக் கணித ஆசிரியர் வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளைக் கொண்டு கணிதக் கண்காட்சி நடத்தினார். ராயபுரத்து ராமானுஜன் அருங்காட்சியகத்தோடும் அவர் பெயர் சேர்ந்தே இருக்கிறது. 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதம் கற்பித்தல் பற்றி எழுதிய குழுவுக்குத் தலைவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். பெரும்பாலான பிள்ளைகளிடம் இருக்கிற கணக்குப் பயத்தையும் தோல்வி உணர்வையும்தான் அந்த அறிக்கை முதல் சிக்கலாகப் போட்டது. நம் புத்தகத்திலேயே பாடத்துக்குப் பாடம் ‘செயல்பாடு’ பெட்டி இருக்கிறது, ‘இணையச் செயல்பாடு’ என்று ஜியோஜீப்ரா என்கிற கணித மென்பொருளும் இருக்கிறது. ஆய்வுக்கு வருகிற அதிகாரி என்றைக்காவது அந்தப் பெட்டியைச் செய்தீர்களா என்று கேட்டிருக்கிறாரா? ‘போர்ஷன் முடிச்சாச்சா? ஸ்லிப் டெஸ்ட் நோட் எங்கே?’ இவை இரண்டும்தான் கேள்வி. கேட்கிற கேள்விக்குத்தானே ஆசிரியரும் தயாராவார்?

இனி பி.இ.டி. பீரியடுக்கு வருகிறேன். நம் மலையில் மழை எப்படி என்று தெரியும். பந்தலூர், தேவாலாப் பக்கம் ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரைக்கும் விடாது. கோத்தகிரி, குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். மைதானம் சேறாகிவிடும். ‘வெளியேதான் போக முடியாதே’ என்று அந்தப் பீரியடை முதலில் எடுத்துக்கொள்கிறவர் கணக்கு ஆசிரியர். மழை விட்டதும் திருப்பித் தருவாரா என்றால், அதற்குள் அரையாண்டு வந்துவிடும். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், ஜனவரிக்குப் பிறகு பத்தாம் வகுப்புக் கால அட்டவணையில் பி.இ.டி. என்ற மூன்று எழுத்து இருக்கும், பந்து மட்டும் பீரோவை விட்டு வெளியே வராது. கால் மரத்துப்போகிற வரைக்கும் உட்கார வைத்துக் கணக்குப் போட வைப்பதால் ஆதாயம் இருந்திருந்தால் நானே ஆதரித்திருப்பேன். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-இல் இது பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தது. உடற்கல்விக்கு நேரம் கொடுத்ததால் படிப்பு கெட்டது என்பதற்கு ஏறக்குறைய ஆதாரமே இல்லை. சிலவற்றில் படிப்பு முன்னேறியும் இருந்தது.

எஸ்டேட்டிலிருந்தும் ஹட்டி என்கிற படுகர் ஊர்களிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு மாலை விளையாட்டு என்று ஒன்று வீட்டில் கிடையாது. கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கூடலூர்ப் பக்கம் யானை நடமாட்டம் தொடங்குமுன் வீடு சேர வேண்டும். பள்ளியில் ஆடினால்தான் ஆட்டம். அந்தப் பீரியடையும் கணக்கு தின்றுவிட்டால் கணக்கின் மேல் அவர்களுக்கு என்ன பாசம் வரும்? வாரத்துக்கு ஒரு கணக்குப் பீரியடை ஆட்டமாக நடத்த நீங்கள் அனுமதித்தால், மழை நாளில் உடற்கல்வி ஆசிரியரிடம் கையேந்த வேண்டிய தேவையும் கணக்கு ஆசிரியருக்குக் குறையும். இரண்டையும் ஒரே மடலில் எழுதியது இதனால்தான்.

பெற்றோரைப் பற்றி ஒரு வார்த்தை. குறியெண் கூட்டல் கழித்தலுக்குச் சீட்டுக்கட்டை மிஞ்சிய சாதனம் கிடையாது: கறுப்பு கூட்டல், சிவப்பு கழித்தல். எங்கள் லைனில் இரண்டாம் நாளே ஒரு பிள்ளையின் அப்பா படியேறி வந்துவிட்டார், ‘என்ன சார், ரம்மி கத்துக் குடுக்கிறீங்களாமே?’ அவரைக் குறை சொல்ல முடியாது. ஆன்லைன் ரம்மியில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பட்டது கொஞ்சமா? மாநிலம் சட்டம் போட்டது. 2025-இல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடைசெய்து மத்திய அரசும் சட்டம் கொண்டுவந்தது. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சதுரமாக வெட்டி எண் எழுதிக்கொண்டோம், பிரச்சினை தீர்ந்தது. ‘கூட்டினால் −1, பெருக்கினால் −12’ என்று ஓர் அட்டை. −4, 3 என்று இரண்டு அட்டைகளை முதலில் இறக்குகிறவருக்குப் புள்ளி. x² − x − 12-ஐக் காரணிப்படுத்துவது அதற்குப் பிறகு ஒரு வரிதான். அந்த அப்பாவே இப்போது மகளோடு உட்கார்ந்து ஆடுகிறார், தோற்கிறார். உங்கள் பள்ளிகளில் இதைத் தொடங்குமுன் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரை ஒரு முறை ஆடவைத்துவிடுங்கள். சொல்லிப் புரியவைப்பதைவிட அது சுலபம்.

செல்போனையும் செயலியையும் நான் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ‘கணிதத்தை விளையாட்டாகக் கற்போம்’ என்று பளபளப்பான அட்டையோடு உங்கள் அலுவலகப் படியேறக் கூடியவர்கள் உண்டு. பெரும்பாலும் அதில் இருப்பது பெருக்கல் கேள்வி ஒன்று, சரியாகச் சொன்னால் குதிக்கிற ஒரு குரங்கு. கணக்கு வேறாகவும் ஆட்டம் வேறாகவும் கிடக்கும். ஹைடெக் லேபில் ஜியோஜீப்ரா இருக்கிறது, காசு இல்லை. அது போதும்.

கடைசியாக, நான் சொல்வதை நம்பி முழு மாவட்டத்திலும் இறக்கிவிடாதீர்கள். சோதித்துப் பாருங்கள். விருப்பமுள்ள பள்ளிகளின் பட்டியலை எடுங்கள். ஆறு வட்டத்திலிருந்தும் வரட்டும், அரசுப் பள்ளியும் உதவிபெறும் பள்ளியும் கலந்தே வரட்டும். சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் வாரம் ஒரு ஆட்டப் பீரியட் நடத்தட்டும். மறு பாதி அடுத்த ஆண்டு தொடங்கட்டும். இருவருமே விரும்பி வந்தவர்கள் என்பதால் ஆர்வமுள்ள ஆசிரியரால் ஜெயித்தது என்ற சந்தேகம் குறையும். காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் எப்படியும் பொது வினாத்தாள்தான். மொத்த மார்க்கை மட்டும் பார்க்காமல், ஆட்டம் ஆடிய பாடங்களிலிருந்து வந்த கேள்விகளில் எவ்வளவு, ஆடாத பாடங்களில் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். ஆடிய பாடத்தில் மட்டும் ஏறியிருந்தால் ஆட்டம் வேலை செய்கிறது. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஏறியிருந்தால் காரணம் வேறு, அதையும் தெரிந்துகொள்வது நல்லது. எங்குமே ஏறாவிட்டால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: மார்க் குறைந்த பள்ளியின் ஆசிரியரை மேடையேற்றி விளக்கம் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த ஆண்டு எல்லாப் பள்ளியிலும் மார்க் அழகாக வரும், யாருக்கும் எதுவும் தெரியவராது.

பீரியட் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே கொட்டையை எடுத்து வைத்துவிட்டு நோட்டைத் திறக்க வேண்டும் என்பதை மட்டும் பயிற்சியில் அழுத்திச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் நடத்துகிற பள்ளியைச் சோதனையில் சேர்க்கவே வேண்டாம்.

செலவு என்று பார்த்தால் கிராஃப் தாளும் தாயக்கட்டையும்தான். தேயிலை விதை வேண்டிய அளவு நானே பொறுக்கித் தருகிறேன். புதிய கல்வியாண்டின் கால அட்டவணை போடுகிற மே கடைசி வாரத்துக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டால் ஜூனிலேயே தொடங்கலாம். அதற்குப் பிறகு வந்தால் எந்தத் தலைமை ஆசிரியரும் அட்டவணையைத் தொட மாட்டார். வட்டார வளமையத்தில் ஆசிரியர்களைக் கூட்டுகிற நாளைச் சொன்னால், காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
கோத்தகிரி வட்டம்